வீட்டிலேயே பேட்டரிக்குச் சார்ஜ் போடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கார் இரண்டு மூன்று வாரம் ஓடாமல் நின்றிருக்கும். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முன்பெல்லாம் பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு பேட்டரி கடைக்குப் போவோம். இப்போது சின்னச் சின்ன சார்ஜர்கள் எளிதாகக் கிடைப்பதால் பலரும் வீட்டு வாசலிலேயே சார்ஜ் போட்டுக்கொள்கிறார்கள். அது நல்ல விஷயம்தான். ஆனால் கடைக்காரர் பல வருடப் பழக்கத்தில் தானாகவே கவனமாகச் செய்கிற சில வேலைகள் சார்ஜர் டப்பாவுக்குள் வருவதில்லை. "12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது" என்ற தைரியம் மட்டும் நம்மிடம் நிறைய இருக்கிறது.

ஷாக் அடிக்காது என்பது உண்மை. காய்ந்த கையால் இரண்டு டெர்மினலையும் தொட்டால் ஒன்றும் தெரியாது. ஆனால் அதே டெர்மினல்களுக்குக் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தால் பல நூறு ஆம்பியர் மின்சாரம் பாய்ந்து, ஸ்பானர் அங்கேயே ஒட்டிப் பழுக்கும். உள்ளே இருப்பது கந்தக அமிலம். சார்ஜ் ஏறும்போது வெளியே வருவது எரியும் வாயு. லெட் ஆசிட் (ஈயமும் அமிலமும் கொண்ட) பேட்டரியின் ஆபத்தெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

சுவிட்சை அணைக்காமல் கிளிப்பைத் தொடுவது

ஒரே ஒரு தவறை மட்டும் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். சார்ஜ் முடிந்துவிட்டது என்று நினைத்து, பிளக்கைப் பிடுங்காமல், நேராக பேட்டரி மேல் இருக்கிற கிளிப்பைப் பிடுங்குவது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கிளிப்பை எடுத்தால் பொறி பறக்கும். அது எங்கே பறக்கிறது என்று பாருங்கள்: வாயு வெளியேறுகிற துளைக்குச் சில அங்குலம் பக்கத்தில்.

பேட்டரி கிட்டத்தட்ட நிரம்பிய பிறகு, ஏற்றுகிற மின்சாரத்தில் பெரும்பகுதி உள்ளே இருக்கும் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கத் தொடங்குகிறது. சாதாரண ஆசிட் பேட்டரியில் காதை வைத்துக் கேட்டால் கொதிக்கிற மாதிரி சலசலப்பு கேட்கும் (காதை வைக்க வேண்டாம், தள்ளி நின்றாலே கேட்கும்). காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே பற்றிக்கொள்ளும். 75 சதவீதம் வரை அது எரியக்கூடிய கலவைதான். நிறம் இல்லை, வாசனை இல்லை. சமையல் கேஸ் மாதிரி மூக்கு நம்மை எச்சரிக்காது. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பொறி கூடப் போதும்.

அளவு எவ்வளவு வரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல்கள். நிரம்பிய பேட்டரிக்குள் மேலும் ஒரு ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம்) அளவு மின்சாரத்தைத் திணித்தால், ஆறு செல்லும் சேர்ந்து சுமார் இரண்டரை லிட்டர் ஹைட்ரஜனை விடும். 5 ஆம்பியரில் ஒரு மணி நேரம் என்றால் 12 லிட்டருக்கு மேல். ஒரு மீட்டர் உயரம், 60 செ.மீ. அகலம், 50 செ.மீ. ஆழம் கொண்ட மூடிய அலமாரியின் கொள்ளளவு 300 லிட்டர். அதில் 4 சதவீதம் 12 லிட்டர்தான். மாடிப்படிக்குக் கீழே கதவு போட்டு இன்வெர்ட்டரை அடைத்து வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். நல்ல இன்வெர்ட்டர் பேட்டரி நிரம்பியதும் மின்சாரத்தை மிகவும் குறைத்துவிடும், அதனால் தினமும் இப்படி நடக்காது. கன்ட்ரோல் போர்டு பழுதாகிற நாளில் நடக்கும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் சார்ஜரின் பிளக் சுவர் பாயின்ட்டில் இருக்கவே கூடாது. சிவப்பு கிளிப்பை பிளஸ்ஸிலும், பிறகு கறுப்பு கிளிப்பை மைனஸிலும் மாட்டுங்கள். இரண்டும் ஆடாமல் பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பிளக்கைச் செருகிச் சுவிட்ச் போட வேண்டும். எடுக்கும்போது இதற்கு நேர் எதிர்: சுவிட்சை அணைத்து, பிளக்கை எடுத்து, அப்புறம் கறுப்பு, கடைசியில் சிவப்பு. பேட்டரியைக் காரிலிருந்து கழற்றாமல் சார்ஜ் போடுவதாக இருந்தால், கறுப்பு கிளிப்பை மைனஸ் டெர்மினலுக்குப் பதில், பேட்டரியிலிருந்து தள்ளி இருக்கிற பெயின்ட் இல்லாத இரும்புப் பாகத்தில் மாட்டுங்கள். கடைசியாக மாட்டுகிற இடத்தில்தான் பொறி வரும். வந்தாலும் அது பேட்டரிக்கு அருகில் வராது. சில கார்களில் இதற்கென்றே தனி இடம் கொடுத்திருப்பார்கள், மேனுவலில் படம் இருக்கும்.

பேட்டரியைக் கழற்றுவதிலும் இதே கவனம் வேண்டும். மைனஸ் ஒயரை முதலில் கழற்ற வேண்டும், திரும்பப் பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்ட வேண்டும். கார் பாடி முழுவதும் மைனஸோடு இணைந்திருக்கிறது. மைனஸ் இருக்கும்போதே பிளஸ் நட்டைத் திருகினால், ஸ்பானரின் மறுமுனை பாடியில் எங்கே பட்டாலும் ஷார்ட்தான்.

இதோடு சேர்த்து ஒரு பழைய வழக்கத்தையும் விட்டுவிடலாம். பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு டெர்மினலுக்கும் நடுவே ஒயரை உரசிப் பொறி பறக்க விடுவது. சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிற காலத்தில் இது தேவையே இல்லை. அது சொல்வதை விட மீட்டர் நிறையச் சொல்லும், முகத்தையும் காப்பாற்றும்.

விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம்

பல வீடுகளில் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிற மூலையும் சாமி படம் இருக்கிற மூலையும் அருகருகே அமைந்துவிடுகின்றன. தினமும் எரியும் விளக்குக்கும் ஊதுபத்திக்கும் கீழே பேட்டரி இருக்கக் கூடாது, ஹைட்ரஜன் மேலே எழும்பும் வாயு. ஆயுத பூஜை அன்று வண்டிக்கும் கருவிகளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவோம். அன்று சார்ஜர் ஓடிக்கொண்டிருந்தால் முந்தைய இரவே நிறுத்திவிடுங்கள், அறையின் ஜன்னலைத் திறந்து வையுங்கள், தட்டைக் கொஞ்சம் தள்ளியே பிடியுங்கள். "என்னுடையது தண்ணீர் ஊற்றாத சீல் பேட்டரி" என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. அதிகம் சார்ஜ் ஏறினால் அதன் வால்வும் திறந்து வாயுவை வெளியே விடும்.

குனிந்து வேலை செய்யும்போது கழுத்திலிருந்து தொங்குகிற தங்கச் சங்கிலி, தாலி, கையில் காப்பு, மோதிரம் எல்லாமே டெர்மினல்களுக்கு நடுவே பாலம் போடக்கூடியவை. மோதிரம் ஒரு நொடியில் பழுத்துவிடும், விரலிலிருந்து கழற்றவும் முடியாது. கழற்ற முடிந்ததைக் கழற்றி வையுங்கள். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் உடைக்குள் செருகிக்கொள்ளலாம். ஸ்பானரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் பாதிக் கவலை தீரும்.

பைக் பேட்டரிக்குக் கார் சார்ஜர்

இரண்டாவது பெரிய தவறு, எந்த பேட்டரிக்கும் ஒரே சார்ஜர் போதும் என்று நினைப்பது. பொதுவாகப் பின்பற்றுகிற சார்ஜ் அளவு, பேட்டரியின் ஏஹெச் எண்ணில் (ஆம்பியர்-மணியில் அதன் கொள்ளளவு) பத்தில் ஒரு பங்கு ஆம்பியர். 35 ஏஹெச் கார் பேட்டரிக்கு மூன்றரை ஆம்பியர். 150 ஏஹெச் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு 15 ஆம்பியர். 4 அல்லது 5 ஏஹெச் பைக் பேட்டரிக்கு அரை ஆம்பியரே போதும். இந்தச் சின்ன பேட்டரியில் 10 ஆம்பியர் சார்ஜரை மாட்டி "அரை மணியில் ஏற்றித் தருகிறேன்" என்பவரிடம் கொடுக்காதீர்கள். வண்டி அன்றைக்கு ஸ்டார்ட் ஆகும். பேட்டரியின் ஆயுள் அந்த அரை மணியில் கணிசமாகக் குறைந்திருக்கும்.

நேரமும் இதிலிருந்தே தெரியும். காலியான 35 ஏஹெச் பேட்டரிக்கு மூன்றரை ஆம்பியரில் பத்து மணி நேரம், வீணாவதற்குச் சேர்த்து இன்னும் இரண்டு மணி நேரம். நிரம்பியதும் தானாகக் குறைத்துக்கொள்ளும் சார்ஜர் என்றால் இரவு முழுக்க விடலாம். டிரான்ஸ்ஃபார்மரும் முள் மீட்டரும் மட்டும் இருக்கிற பழைய இரும்புப் பெட்டி சார்ஜருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. பேட்டரி நிரம்பிய பிறகும் அது தள்ளிக்கொண்டே இருக்கும், வோல்டேஜ் 16 வரை கூடப் போகும். அதை மாட்டிவிட்டுத் தூங்கப் போவதும், ஊருக்குப் போவதும் கூடவே கூடாது.

வெயிலை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. சார்ஜ் ஏற்றும் வோல்டேஜ் 14.4 என்று சொல்வதெல்லாம் 25 டிகிரி வெப்பத்துக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.02 வோல்ட் குறைய வேண்டும். வேலூரிலோ மதுரையிலோ மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே 40 டிகிரி இருந்தால், 14.1 போதும். வெப்பத்துக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளாத சார்ஜர் அதே 14.4-ஐயே கொடுக்கும். சீல் பேட்டரி சூடேறினால் மேலும் மின்சாரத்தை இழுக்கும், இழுத்தால் இன்னும் சூடேறும். இப்படிப் போய்த்தான் பக்கங்கள் உப்பிக்கொள்கின்றன. மாலையில், நிழலில், காற்றோட்டத்தில் சார்ஜ் போடுங்கள். பேட்டரியின் பக்கவாட்டில் கை வைத்து எடுக்கத் தோன்றுகிற அளவு சுட்டால் சுவரில் சுவிட்சை அணையுங்கள். உப்பிய பேட்டரிக்கு மறுபடி சார்ஜ் போடவே வேண்டாம்.

சார்ஜரில் 6, 12, 24 என்று மாற்றும் பொத்தான் இருந்தால் ஒவ்வொரு முறையும் பாருங்கள், வீட்டில் குழந்தைகள் தொட்டிருக்கலாம். ஜெல், ஏஜிஎம் (இரண்டும் சீல் பேட்டரி வகைகள்), சாதாரணம் என்று வகை கேட்டால் பேட்டரியின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 'ரிப்பேர்' என்ற பெயரில் வோல்டேஜை 15-க்கு மேல் ஏற்றும் வசதி தண்ணீர் ஊற்றுகிற பேட்டரிக்குத்தான், அதுவும் வண்டியிலிருந்து கழற்றி வைத்து. லித்தியம் பேட்டரிக்கு லெட் ஆசிட் சார்ஜரை மாட்டவே கூடாது.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பேட்டரி எல்லை தாண்டிக் கொதிக்கிறது என்று பொருள். அது ஹைட்ரஜன் சல்பைடு, நச்சு வாயு. அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போகும். 'நாற்றம் போய்விட்டதே' என்று அறைக்குள்ளேயே இருக்காதீர்கள். மின்சாரத்தை, முடிந்தால் மெயினிலேயே, அணைத்துக் கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

நிரம்பிவிட்டதா என்று உடனே பார்ப்பது

சார்ஜரை எடுத்த உடனே மீட்டர் வைத்தால் 13-க்கு மேல் காட்டும். அது மேலோட்டமான வோல்டேஜ். சில மணி நேரம் சும்மா விட்ட பிறகு 12.6 முதல் 12.8 வரை இருந்தால் நிரம்பியிருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. எவ்வளவு ஏற்றினாலும் பத்தரை வோல்ட்டிலேயே வந்து நிற்கிறது என்றால் ஆறில் ஒரு செல் செத்திருக்க வாய்ப்பு அதிகம். இப்படிப்பட்ட பேட்டரியைப் புதிய சார்ஜர் ஏற்க மறுக்கும். உடனே பழைய இரும்புப் பெட்டியை மாட்டியோ, பக்கத்தில் நல்ல பேட்டரியை இணைத்தோ சார்ஜரை ஏமாற்றப் பார்ப்பார்கள். சார்ஜர் சரியான காரணத்துக்காகத்தான் மறுக்கிறது.

தண்ணீரும் ஆசிட்டும்

சார்ஜ் போடுவதற்கு முன்பு விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால், ஏறும்போது அளவு உயர்ந்து ஆசிட் வழியும். உள்ளே இருக்கும் ஈய பிளேட் வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள், மீதியைச் சார்ஜ் முடிந்த பிறகு. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். போர் தண்ணீர் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சுத்தமாகத் தெரிந்தாலும் குழாயின் உலோகத்தையும் தூசியையும் கொண்டு வருகிறது. பேட்டரியில் குறைவது தண்ணீர்தான், அமிலம் ஆவியாவதில்லை. அதனால் கூடுதல் ஆசிட் ஊற்றவே கூடாது. மூடியின் காற்றுத் துளைகள் தூசியால் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்க மறப்போம், அதையும் பாருங்கள்.

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வெல்டிங் கடைகளில் விற்கிற பிளாஸ்டிக் கண்ணாடி போதும். ஒரு வாளி தண்ணீர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆசிட் கண்ணில் பட்டால் தேய்க்காமல், இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள், பிறகு நேராக மருத்துவமனை. 'அமிலத்தை முறிக்கிறேன்' என்று கண்ணில் சோடா போடாதீர்கள். சமையல் சோடா தரையில் சிந்தியதற்கு மட்டும்.

சார்ஜரை பேட்டரியின் தலை மேல் வைக்காமல், ஒயர் எட்டும் வரை தள்ளி வையுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்து இரண்டு பின் பாயின்ட்டில் செருகுவதும், மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரை மழை ஈரத்தில் இழுத்து விடுவதும் வேண்டாம். அந்தப் பக்கம் இருப்பது 230 வோல்ட், அது ஷாக் அடிக்கும். சிமென்ட் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்ற பயம் பழைய காலப் பெட்டிகளோடு போயிற்று, இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தக் கவலை இல்லை. காலியான பேட்டரியை அப்படியே போட்டு வைப்பதுதான் உண்மையான கெடுதல், உள்ளே படிகிற சல்பேட் இறுகிவிட்டால் எந்தச் சார்ஜராலும் கரைக்க முடியாது.

தேறாது என்று தெரிந்த பேட்டரியை உடைத்து ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், காயலான் கடைக்கும் போட வேண்டாம். 2022-இல் வந்த பேட்டரி கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. புதியது வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் கடையில் விலையும் கழித்துக் கொடுப்பார்கள். எடுத்துப் போகும்போது நிமிர்ந்தே இருக்கட்டும், இரண்டு டெர்மினலிலும் டேப் ஒட்டிவிடுங்கள், ஆட்டோவில் சாவிக்கொத்தும் ஸ்பானரும் கிடக்கிற பையோடு சேர்த்து வைக்காதீர்கள்.