வெங்காய அலமாரிக்கு வழி சொன்ன அரண்மனை

அம்மாவின் சமையலறைக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் வைக்க ஒரு சிறிய தேக்கு அலமாரி செய்ய நினைத்தேன். கைபேசியில் நூற்றுக்கணக்கான படங்களைப் பார்த்தும் நான் வரைந்ததெல்லாம் பிறர் செய்ததன் நகலாகவே வந்தது. ஒரு மாதம் இழைப்புளியைத் தொடவே இல்லை.

பிறகு கேள்வியை மாற்றினேன். ‘எது அழகு’ என்பதை விட்டுவிட்டு, ‘இந்தப் பெட்டிக்கு என்ன வேண்டும்’ என்று எழுதிப் பார்த்தேன். காற்று வேண்டும், வெளிச்சம் கூடாது, பட்டால் கிழங்கு பச்சையாகிவிடும். எழுதி முடித்ததும் பத்மநாபபுரம் அரண்மனை நினைவுக்கு வந்தது. தக்கலைக்கு அருகில்தானே, நோட்டுடன் கிளம்பிவிட்டேன். அங்குள்ள சாய்ந்த மரச் சட்டங்கள் காற்றை உள்ளே விடும்; உள்ளிருப்பவரை வெளியே காட்டாது. புகைப்படம் எடுக்காமல் கையால் வரைந்தேன். வரையும்போதுதான் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று எப்படி மறைகின்றன என்பது கண்ணில் பட்டது.

வீட்டில் முதலில் அட்டையில் மாதிரி செய்தேன். 40 மி.மீ. அகலப் பட்டியை 45 பாகை சாய்த்தால் உயரம் சுமார் 28 மி.மீ.தான். நான் 35 மி.மீ. உயரத்துக்கு ஒரு பட்டி வீதம் ஒட்டியிருந்ததால் உள்ளே இருப்பது தெரிந்தது. 24 மி.மீ.க்குக் குறைத்தேன், மறைந்தது. அதன் பிறகே மரத்தை அறுத்தேன்.

கதவுக்குக் கைப்பிடி வைக்கவில்லை. நடுச் சட்டம் ஒன்றை மட்டும் சற்று முன்னே நீட்டிவிட்டேன்; அம்மா அதைப் பிடித்துத்தான் திறக்கிறார்.