‘டான்ஸ் வித் டிராகன்ஸ்’ நல்லாயிருக்கா என்று கேட்பவர்கள் அதைப் படிக்க வேண்டிய விதம்

வாடகை நூலகம் நடத்துபவளிடம் வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “அக்கா, இது நல்லாயிருக்குமா?” மற்ற புத்தகங்களுக்கு ஆமாம், இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவேன். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் ‘சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ நாவல் தொடரில் ஐந்தாம் பாகமான இந்த ‘டான்ஸ் வித் டிராகன்ஸ்’ நாவலுக்கு மட்டும் அப்படிச் சொல்ல முடிவதில்லை. திருப்பிக் கொடுக்க வருகிற ஒருவர் கண் விரியப் பேசுவார். அடுத்தவர், “ஆயிரம் பக்கம் படிச்சும் ஒண்ணுமே நடக்கலையே” என்று மேசைமேல் தொப்பென்று வைப்பார். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான்.

அதனால் முதலில், அபிப்பிராயம் சொல்பவர் இந்தத் தொடரை எப்போது படிக்க ஆரம்பித்தார் என்று கேளுங்கள். மூன்றாம் பாகம் 2000-இல் வந்தது. அதற்குப் பின் கதையை ஐந்து வருடம் தாண்டித் தொடங்குவதுதான் மார்ட்டினின் திட்டம். பிள்ளைகளும் டிராகன்களும் வளர்ந்திருப்பார்கள் அல்லவா. அதைக் கைவிட்டார். இந்தத் தொடரில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பாத்திரத்தின் பார்வையில் நகரும். கையெழுத்துப் பிரதி பெருத்துப்போகவே, கதையைக் காலத்தால் பிரிக்காமல் இந்த ஆட்களால் பிரித்தார். செர்சி, ஜெய்மி, பிரியென் எல்லாம் 2005-இல் வந்த ‘ஃபீஸ்ட் ஃபார் குரோஸ்’ நாவலுக்குப் போனார்கள். ஜான், டிரியன், டெனேரிஸ் மூவரும் அடுத்ததில். அது மறு வருடமே வந்துவிடும் என்ற நம்பிக்கையை நான்காம் பாகத்தின் கடைசியில் அவரே எழுதியிருந்தார். வந்தது 2011 ஜூலை 12.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். புத்தகத்துக்கு ஆறு வருட இடைவெளி. டிரியனுக்காகவே படிக்கிறவருக்கோ பதினொரு வருடம். அதே 2011 ஏப்ரலில் இந்தக் கதையின் டிவி தொடரான ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடங்கி, அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஐந்தையும் மூச்சுவிடாமல் படித்துத் தள்ளினார்கள். முன்னவர் எரிச்சலோடு சொல்வதைப் பின்னவர் படிக்கும்போது உணரவே மாட்டார். நீங்கள் இன்று தொடங்கப் போகிறவர் என்றால், காத்திருந்தவர்களின் கோபத்தில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

சரி, எந்த வரிசையில் படிப்பது? இரண்டு நாவல்களின் 119 அத்தியாயங்களையும் கலந்து, கால வரிசைப்படி ரசிகர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். முதல்முறை படிப்பவர் அதைத் தொட வேண்டாம். நான்காவதை முழுதாக முடித்துவிட்டு, இடையில் வேறு புத்தகம் எடுக்காமல் ஐந்தாவதுக்குப் போங்கள்.

ஏன் என்று ஒரு காட்சியை வைத்துச் சொல்கிறேன். நான்காவதில் ஜான் தன் நண்பன் சாம்வெலைக் கூப்பிட்டு, கண் தெரியாத கிழவர் ஏமனையும் கில்லி என்ற பெண்ணையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஓல்ட்டவுனுக்குப் போ என்கிறான். நாம் சாமின் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம். எதிரே இருப்பவன் பழைய ஜான் இல்லை, விறைப்பான ஒரு தளபதி. ஐந்தாவதில் அதே பேச்சு, கிட்டத்தட்ட அதே சொற்களில், ஜான் பக்கமிருந்து வருகிறது. ஒவ்வொரு வார்த்தையையும் அவன் எவ்வளவு சிரமப்பட்டு வெளியே விடுகிறான் என்று அப்போதுதான் தெரிகிறது. கப்பலில் கில்லி ஏன் ஓயாமல் அழுகிறாள் என்று சாமோடு சேர்ந்து நாமும் குழம்ப வேண்டும். ஜானின் அத்தியாயத்தை முதலில் படித்தால் அந்தப் புதிர் போயே போச்சு. கலந்து படிப்பதை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அது தனி ருசி.

அடுத்து, ஏமாற்றத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு உள்ளே போங்கள். வடக்கே வின்டர்ஃபெல் கோட்டையில் ஒன்று, டெனேரிஸ் ஆளும் மெரீன் நகரத்தில் ஒன்று என இரண்டு பெரிய போர்களுக்குக் கதை கட்டிக்கொண்டே போகும். இரண்டும் இந்தப் புத்தகத்தில் நடக்காது. ஆறாவதற்குத் தள்ளிவிட்டார். அந்த ஆறாவதற்குத்தான் எல்லோரும் தவம் கிடக்கிறோம். இது தெரியாமல் படித்தவர்கள்தான் கடைசிப் பக்கத்தில் கொதிக்கிறார்கள். என்னைக் கேட்டால், அவ்வளவு பெரிய புத்தகத்தில் ஒரு போரையாவது கொடுத்திருக்கலாம். அந்தக் குறையை எந்த ரசிகர் வாதாடினாலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மெரீன் பகுதி இழுக்கும். டெனேரிஸ் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து மனு வாங்குவாள். ஜெயிப்பதைவிட ஆள்வது கஷ்டம் என்பதைத்தான் மார்ட்டின் சொல்லவருகிறார் என்று வைத்துக்கொண்டு படித்தால் நகரும். சலித்தால் தாண்டாதீர்கள். மெதுவாகப் படியுங்கள், பாரிஸ்டன் செல்மி வரும்வரைக்குமாவது. அந்தக் கிழட்டு வீரரின் பார்வையில் முதல்முறையாக அத்தியாயங்கள் வருவது இங்கேதான், வந்ததும் மெரீனுக்கு உயிர் வந்துவிடும். டிரியனின் ஆற்றுப் பயணத்தில் அவன் அப்பா சாகுமுன் சொன்ன ஒரு வாக்கியத்தையே பிடித்துக்கொண்டு புலம்புவதை மட்டும் கண்ணால் மேய்ந்துவிட்டுப் போகலாம், பாவமில்லை. விருந்துப் பட்டியல்களும் அப்படித்தான், பசியோடு படிக்காதீர்கள்.

மெனக்கெட்டு படிக்க வேண்டியது ‘ரீக்’ என்று தலைப்பிட்ட அத்தியாயங்களை. இருட்டறையில் உயிருள்ள எலியைக் கடிக்கிறான் ஒருவன், அங்கே தொடங்குகிறது. டிவி பார்த்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும். மற்றவர்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. தலைப்புகளைக் குறித்துக்கொண்டே வாருங்கள்: ரீக், அப்புறம் வின்டர்ஃபெல்லின் இளவரசன், அப்புறம் துரோகி, அப்புறம் வின்டர்ஃபெல்லில் ஒரு பேய். கடைசியில்தான் அவன் சொந்தப் பெயர் தலைப்பில் ஏறும். ஐந்தாம் பாகத்தை வாய்கிழியத் திட்டுபவர்கள்கூட இந்த இடம் வந்தால் குரலைத் தணித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் பேப்பர்பேக்கில் ஐந்தாம் பாகம் இரண்டு தொகுதி: ‘ட்ரீம்ஸ் அண்ட் டஸ்ட்’ முதலாவது, ‘ஆஃப்டர் த ஃபீஸ்ட்’ இரண்டாவது. நம் கடைகளில் இதுவும் கிடைக்கும். பெயரைப் பார்த்துவிட்டு, நான்காவதுக்கு அடுத்தது இதுதான் என்று ஒரு கல்லூரித் தம்பி ‘ஆஃப்டர் த ஃபீஸ்ட்’டை எடுத்துப்போய், கதை நடுவிலிருந்து ஆரம்பிக்கிறதே என்று என்னோடு சண்டைக்கு வந்தார். அட்டையில் முதல் பகுதியா, இரண்டாம் பகுதியா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.