பாசிக் கண்ணாடியும் பூதக்கண்ணாடியும்: ஒளிப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம் கரையில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றி, கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் கடலில் முங்குகிறார்கள். அந்தக் கண்ணாடியில் லென்ஸ் இருப்பதாக மாணவர்கள் பலர் நினைக்கிறார்கள். அது வெறும் தட்டைக் கண்ணாடி. நம் கண்ணின் குவிக்கும் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, காற்றிலிருந்து ஒளி கார்னியாவுக்குள் (கண்ணின் முன்புறத் தெளிந்த படலம்) நுழையும்போது ஏற்படும் விலகலால், அதாவது கதிர் வளைவதால், கிடைப்பது. ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, கார்னியாவுக்கு ஏறத்தாழ 1.38, இரண்டும் நெருங்கியிருப்பதால், வெறுங்கண்ணோடு முங்கினால் ஒளி போதிய அளவு வளையாமல் எல்லாம் மங்கிவிடுகிறது. பார்வையை மீட்டுத் தருவது கண்ணாடிக்கும் கண்ணுக்கும் நடுவே அடைபட்டிருக்கும் காற்றுதான்.

அதே கண்ணாடி வழியே பாசி, உள்ள தூரத்தில் முக்கால் பங்கில் இருப்பதுபோல் தோன்றும். புதிதாக இறங்குபவரின் கை எட்டாமல் நிற்பது அதனால்தான். வள்ளத்திலிருந்து நேர்கீழே பார்த்தாலும் நாலடி ஆழம் மூன்றடியாகத் தெரியும். ஆனால் இந்த முக்கால் கணக்கைச் சாய்ந்த பார்வைக்கும் போடுவது தவறு. சாயச் சாய ஆழம் இன்னும் குறைந்தே தோன்றும்.

கோணத்தை நீர்ப்பரப்பிலிருந்து அளப்பது மதிப்பெண்ணை அதிகம் பறிக்கும் பிழை. காற்றிலிருந்து பரப்போடு 30 பாகை சாய்ந்து வரும் கதிருக்குப் படுகோணம் (கதிர் வந்து படும் கோணம்) 60 பாகை, ஏனெனில் அதைப் பரப்புக்குச் செங்குத்தான குத்துக்கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். நீருக்குள் வளைந்து செல்லும் கதிரின் கோணமான விலகுகோணம் ஏறத்தாழ 41 பாகை வரும். 30 என்று எடுத்துக்கொண்டவருக்கோ 22 பாகைதான் கிடைக்கும்.

லென்ஸில் பாதியை மறைத்தால் பிம்பத்திலும் பாதி மறையும் என்று எழுதுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஏனெனில் வீட்டிலேயே ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரருகே பூதக்கண்ணாடியைப் பிடித்து முன்பின் நகர்த்தினால், வெளியே நிற்கும் தென்னை தலைகீழாகச் சுவரில் விழும். இப்போது லென்ஸின் பாதியை அட்டையால் மூடிப் பாருங்கள். தென்னை வேரிலிருந்து குருத்துவரை முழுதாகவே இருக்கும், வெளிச்சம் மட்டும் குறையும்; மரத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் கதிர்கள் லென்ஸ் முழுவதிலும் படுகின்றன அல்லவா?

சுவரில் நேராகத் தொங்கும் சமதள ஆடியில் முழு உருவம் தெரியாவிட்டால் பின்னால் நகர்வதும் வீண். உயரத்தில் பாதியளவுள்ள ஆடி, சரியான மட்டத்தில் மாட்டப்பட்டிருந்தால் போதும்.

தனுஷ்கோடியில் சூரியனின் கீழ்விளிம்பு கடலைத் தொட்டு நிற்கும் நொடியில், உண்மையில் சூரியன் முழுவதும் அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கிறது. காற்று மண்டலத்தின் விலகல் அதை ஏறத்தாழ அரைப் பாகை தூக்கிக் காட்டுகிறது. அப்போது தெரியும் சிவப்புக்கும் விலகலையே காரணமாக எழுதக்கூடாது. நீண்ட காற்றுப் பாதையில் நீல ஒளி சிதறிப் போவதால் வருவது அது.