மதுரை – ராமேஸ்வரம் – திருச்செந்தூர் – கன்னியாகுமரி: முதல் முறை போகிறவர்களுக்கு ஐந்து நாள் திட்டம்

இந்த நான்கு ஊரையும் வரைபடத்தில் பார்த்தால் சுலபமாகத்தான் தெரியும். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கி.மீ., அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர் 220, பிறகு கன்னியாகுமரி 90. மொத்தம் 480 கி.மீ. காரில் போகிறவர்கள் "மூன்று நாள் போதும்" என்று கணக்குப் போடுவது இதை வைத்துத்தான். ஆனால் இந்தப் பயணத்தின் கணக்கு கிலோமீட்டரில் இல்லை, நடை சாத்தும் நேரத்தில் இருக்கிறது. பெரும்பாலான கோயில்கள் மதியம் 12.30, 1 மணிக்குச் சாத்தினால் மறுபடி திறக்க 3, 4 மணி ஆகும். அந்த இடைவேளையில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் ஒரு மணி நேரம்கூட வீணாகாது. பஸ்ஸைக் காலையில் பிடித்தால் பூட்டிய கதவின் முன்னால் போய் நிற்க வேண்டியதுதான். கீழே உள்ள திட்டம் இதை வைத்தே போடப்பட்டது.

கிளம்புவதற்கு முன்

மாதம்: ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை நல்லது. அக்டோபர், நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும், காற்று வேகம் கூடினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். பஞ்சாங்கத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். ராமேஸ்வரத்துக்குத் தை, ஆடி, மகாளய அமாவாசைகள் வேண்டாம். திருச்செந்தூருக்குக் கந்தசஷ்டி, வைகாசி விசாகம், தைப்பூசம் வேண்டாம். கன்னியாகுமரியில் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம். அந்த நாட்களில்தான் போக வேண்டும் என்ற வேண்டுதல் இருந்தால் அது வேறு விஷயம், ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்: திரும்பி வரும் ரயிலை முதலில் போடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. கன்னியாகுமரி, நாகர்கோவில் ரயில்களில் வார இறுதி இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். நடுவில் உள்ள பஸ்களுக்கு முன்பதிவு இல்லாமலே சமாளிக்கலாம்.

துணி: ஆண்களுக்கு இரண்டு வேட்டி, ஒரு துண்டு கட்டாயம். திருச்செந்தூர், சுசீந்திரம், கன்னியாகுமரி பகவதி அம்மன் மூன்றிலும் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். பெண்களுக்குத் தீர்த்தமாட அடர்நிறச் சுடிதார் தோதானது. பருத்திப் புடவை நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும், நடக்கவே முடியாது. ஜீன்ஸ் யாருக்குமே வேண்டாம், ராமேஸ்வரத்தில் நனைந்தது திருச்செந்தூர் போனாலும் காயாது. ஈரத்துணி போட நான்கு பெரிய பிளாஸ்டிக் பை எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம்: கையில் சில்லறையாக ரொக்கம் வேண்டும். 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதிலிருந்து தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை. போனைப் பாதுகாப்பு அறையில் கொடுத்த பிறகு ஜிபே எங்கிருந்து வரும்? உள்ளே ஒருவரையொருவர் தொலைத்துவிட்டாலும் கூப்பிட வழியில்லை. நுழைவதற்கு முன்பே "பிரிந்தால் இந்த வாசலில்" என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் கோபுரம் உள்ள மதுரையில், "கோபுரத்துக்கிட்ட நில்லு" என்றால் யாருக்கும் விளங்காது. கிழக்கா மேற்கா என்று சொல்லுங்கள்.

நாள் 1: மதுரை

முந்தின இரவே வந்து தங்கிவிட்டு, காலை 6 மணிக்குள் மீனாட்சி கோயிலுக்குள் இருங்கள். அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் சுந்தரேசுவரர் சன்னதிக்குப் போவது இங்கே வழக்கம். நிதானமாகச் சுற்ற மூன்று மணி நேரம். மதியம் 12.30க்கு நடை சாத்துவார்கள், நீங்கள் அதற்குள் சாப்பிட்டு மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் இருக்க வேண்டும். ராமேஸ்வரத்துக்கு பஸ்ஸில் நான்கு மணி நேரம்.

பாம்பன் பாலத்தை மாலை வெளிச்சத்தில் கடப்பீர்கள். கீழே தெரிகிற ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. கப்பல் போக, அதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். அதற்கு முன் ரயில் ஓடிய பழைய பாலம் 1914இல் வந்தது.

அன்று இரவு வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அறை எடுங்கள். ஏன் என்பது மறுநாள் காலை ஈரத்துணியோடு நடக்கும்போது தெரியும்.

நாள் 2: ராமேஸ்வரம், தனுஷ்கோடி

புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்புவது இந்த நாளில்தான். வரிசை இதுதான்:

1. அறையிலேயே குளித்துவிட்டு, நடை திறக்கும் 5 மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம். விடியற்காலையில் மட்டும்தான், தவறவிட்டால் அடுத்த நாள்.
2. அறைக்குத் திரும்பி, நனையப் போகிற உடைக்கு மாறுங்கள். செருப்பு, கைக்கடிகாரம், நகை, மூக்குக்கண்ணாடி எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். மாற்று உடையை ஒரு பையில் போட்டு, நனையாத ஒருவரிடம் கொடுங்கள். குழுவில் ஒருவராவது காய்ந்த ஆளாக இருப்பது பெரிய உதவி.
3. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள அக்னி தீர்த்தக் கடலில் முழுக்கு. இங்கே அலை கிடையாது, குளம் மாதிரி இருக்கும். இடுப்பளவுத் தண்ணீர் போதும்.
4. அப்படியே ஈரத்தோடு வடக்குக் கோபுரம் பக்கம் போய், கவுன்ட்டரில் தீர்த்தச் சீட்டு வாங்கி உள்ளே நுழையுங்கள். "சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று வெளியில் வந்து கேட்பவர்களிடம் பணம் கொடுக்க வேண்டாம்.
5. உள்ளே 22 தீர்த்தம். பெரும்பாலும் கிணறுகள். விளிம்பில் நிற்கிறவர் கயிறு கட்டிய வாளியை விட்டு ஒரே இழுப்பில் மேலே கொண்டுவந்து தலையில் ஊற்றிவிடுவார். நீங்கள் குனிந்து நின்றால் போதும். கூட்டத்தில் தோளில்தான் விழும், கவலைப்படாதீர்கள். ஒவ்வொரு கிணற்றிலும் தண்ணீரின் சுவை கொஞ்சம் வேறு மாதிரி இருப்பது உதட்டில் பட்டாலே தெரியும். கடைசி கோடி தீர்த்தம்.
6. உடை மாற்றும் இடத்தில் காய்ந்த துணிக்கு மாறிய பிறகே ராமநாதர் தரிசனம். ஈரத்துணியோடு சன்னதிக்கு விட மாட்டார்கள்.

தீர்த்தமாட மட்டும் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். இங்கே நடக்கிற ஒரே விபத்து வழுக்கி விழுவது. நாள் முழுக்கத் தண்ணீர் ஊறிய கல்தரை, அடுத்த கிணற்றுக்கு ஓடுகிற கூட்டம். முந்துகிறவர்களை விட்டுவிட்டுச் சுவர் ஓரமாக நடங்கள். சின்னக் குழந்தைகளுக்கு 22ஐயும் ஊற்றினால் குளிரில் நடுங்கிவிடும், தலையில் தெளித்தாலே போதும்.

உடை மாற்றிய பிறகு மூன்றாம் பிராகாரத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். தூண் வரிசை கண்ணுக்கு எட்டும்வரை ஓடுகிறது. பயணத்திலேயே கையில் போன் இல்லை என்று வருத்தப்படுகிற இடம் இது ஒன்றுதான்.

மதியம் 2 மணிக்குத் தனுஷ்கோடி. அரசு டவுன் பஸ் உண்டு, ஆட்டோ, ஜீப்பும் கிடைக்கும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் சர்ச் சுவர்களைப் பார்த்துவிட்டு அரிச்சல்முனை வரை தார்ச்சாலையிலேயே போகலாம். மாலையில் சோதனைச் சாவடியை மூடிவிடுவார்கள், 3 மணிக்கு மேல் கிளம்புவதில் அர்த்தமில்லை. அரிச்சல்முனையில் குளிக்கவே கூடாது. இரண்டு கடலின் நீரோட்டமும் சேர்கிற இடம், மணல் காலுக்கடியில் சரிந்துகொண்டே இருக்கும். காலையில் அமைதியான அக்னி தீர்த்தத்தில் குளித்த தைரியத்தோடு இங்கே இறங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். திரும்பும் வழியில் கோதண்டராமர் கோயில், விபீஷணனுக்குப் பட்டாபிஷேகம் நடந்ததாகச் சொல்லும் இடம்.

நாள் 3: நீண்ட சாலை

காலை 6 மணிக்குக் கிளம்புங்கள். நேர் பஸ் குறைவு. கிடைக்காவிட்டால் ராமநாதபுரம், தூத்துக்குடி என்று மாறி மாறிப் போகலாம். சாயல்குடி தாண்டினால் பனங்காடும் உப்பளமும்தான், சாப்பாட்டுக் கடை அரிது, தண்ணீர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு ஏழு மணி நேரம் ஆகும். காலையில் புறப்படுவது இந்தத் திட்டத்துக்கே விதிவிலக்கு. ஆனால் திருச்செந்தூரில் மதியம் நடை சாத்துவதில்லை, நீங்கள் எப்போது போய்ச் சேர்ந்தாலும் முருகன் திறந்தே இருப்பான். கூட்டம் குறைவான மாலை நேரத்தில் தரிசனத்தை முடித்துவிடுங்கள்.

நாள் 4: திருச்செந்தூர் காலை, கன்னியாகுமரி மாலை

விடிந்ததும் கடல். முதலில் கடல், பிறகு நாழிக்கிணறு, இதுதான் முறை. கடற்கரையிலேயே இருக்கிற கிணற்றில் உப்புக் கரிக்காத நீர் என்பதுதான் அதிசயம், உடம்பில் ஒட்டிய உப்பும் போய்விடும். கடல் உள்வாங்கியிருக்கும் நாட்களில் பாசி படிந்த பாறைகள் வெளியே தெரியும். படம் எடுக்க அதன்மேல் ஏறிக் காலை முறித்துக்கொள்கிறவர்கள் உண்டு. பன்னீர் இலையில் மடித்துத் தரும் விபூதியைச் சட்டைப் பையில் போட்டால் நொறுங்கிவிடும், ஒரு சின்ன டப்பா கொண்டுபோங்கள். ஊருக்கு வாங்க உடன்குடிக் கருப்பட்டி.

10.30 மணிக்குப் பஸ். உவரி, கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரி மூன்று மணி நேரத்துக்குள். மாலை 4 மணிக்கு நடை திறந்ததும் பகவதி அம்மன். கடலைப் பார்த்த கிழக்கு வாசலைத் தேடிப் போகாதீர்கள், அது வருடத்தில் சில நாட்கள்தான் திறக்கும். வடக்கு வாசல் வழிதான் நுழைவு. அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதின, அதனால் கிழக்கு வாசலை அடைத்தார்கள் என்பது ஊர்ப் பேச்சு.

நாள் 5: பாறையும் சுசீந்திரமும்

சூரிய உதயத்துக்கு 5.30 மணிக்கே கரையில் இடம் பிடியுங்கள். அஸ்தமனம் கடலில் விழுவதைப் பார்க்க அக்டோபர் முதல் மார்ச் வரைதான் வாய்ப்பு. மற்ற மாதங்களில் சூரியன் நிலத்துக்குப் பின்னால் இறங்கிவிடும்.

படகு காலை 8 மணிக்குத் தொடங்கும், ஏழு மணிக்கே வரிசையில் நில்லுங்கள். விவேகானந்தர் பாறையில் இறங்கி, அங்கிருந்து 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் நடந்து 133 அடி வள்ளுவர் சிலைக்குப் போகலாம். 2024 டிசம்பர் கடைசியில் பாலம் திறக்கும்வரை, கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலும் அலை கொந்தளித்தாலும் சிலைக்குப் படகு நின்றுவிடும். அந்தத் தொல்லை இப்போது இல்லை. காற்று பலமாக இருந்தால் படகையே நிறுத்துவார்கள், அதனால்தான் இதை மதியத்துக்குத் தள்ளக் கூடாது.

சாப்பிட்டு, அறையைக் காலி செய்துவிட்டு, நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி சுசீந்திரத்தில் இறங்குங்கள், 12 கி.மீ.தான். மாலை நடை திறப்புக்குத் தாணுமாலயன் சன்னதி, 18 அடி ஆஞ்சநேயர், தட்டினால் இசைக்கும் தூண்கள். தூணை நீங்களே தட்டிப் பார்க்க வேண்டாம். பெட்டியோடு உள்ளே போக முடியாது, அதை முதலில் நாகர்கோவில் ரயில் நிலையப் பொருள் காப்பறையில் வைத்துவிட்டு வந்தால் வேலை சுலபம். பூட்டு இல்லாத பையை அங்கே வாங்க மாட்டார்கள், ஒரு சின்னப் பூட்டு கையில் இருக்கட்டும்.