கேரளா வண்டியின் மங்கிப்போன பெயின்டை மீட்பது எப்படி

களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் பழைய கார் தேடினால் கேஎல் நம்பர் வண்டி கண்ணில் படாமல் இருக்காது. பெரும்பாலும் என்ஜின் ஓகே, சீட் ஓகே, பெயின்ட் மட்டும் பாவமாக இருக்கும். மதுரை வண்டியை வெயில் மட்டும்தான் தின்னும். இங்கே வெயிலோடு இரண்டு பருவமழை, கடல் உப்பு, மரத்தடி நிறுத்தம் எல்லாம் சேரும். அதனால் வேலையும் கொஞ்சம் வேறு.

விற்பனைக்கு நிற்கும்போது பளபளவென்று இருந்ததே என்று நம்பிவிட வேண்டாம். சிலிகான் பாலிஷோ கீறலை நிரப்பும் கிளேஸோ தடவி நிறுத்தியிருப்பார்கள். இரண்டு மூன்று முறை ஷாம்பு போட்டுக் கழுவினால் உண்மை முகம் தெரிந்துவிடும். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டும்.

முதலில் பெயின்ட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

கம்பெனிப் பெயின்டில் தகட்டின்மேல் இ-கோட் (துருத் தடுப்புப் பூச்சு), ப்ரைமர், கலர், அதற்குமேல் கிளியர் என்று அடுக்குகள் இருக்கும். எல்லாம் சேர்த்து 100 முதல் 150 மைக்ரான் வரும். ஜெராக்ஸ் பேப்பர் ஒன்றின் கனமே ஏறக்குறைய 100 மைக்ரான். இதில் கிளியரின் பங்கு 35 முதல் 50 தான். பாலிஷ் என்பது கீறலை மூடும் வேலை கிடையாது. கீறலின் அடி மட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியரைச் சீவி எடுக்கும் வேலை. மென்மையான ஓட்டத்தில் 1 முதல் 3 மைக்ரான் போகும், கம்பளி பேடும் கட்டிங் காம்பவுண்டும் (கீறலை வெட்டும் கரடான பாலிஷ்) போட்டால் அதைவிடக் கூடும். போனது திரும்பி வராது. முந்தைய ஓனர் தீபாவளிக்குத் தீபாவளி ‘ரப்பிங்’ போட்ட வண்டியென்றால் மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும்.

டீடெயிலிங் கடைகளில் பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டர் இருக்கும். ஒவ்வொரு பேனலிலும் நாலைந்து இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 80 முதல் 150 காட்டினால் ஒரிஜினல் என்று எடுத்துக்கொள்ளலாம். 200-ஐத் தாண்டினால் மறுபடி அடித்தது. 400, 500 என்று ஓடினால் உள்ளே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) இருக்கிறது. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வேலை செய்யாது. மீட்டர் கிடைக்காவிட்டால் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். பட்டி உள்ள இடத்தில் பிடிப்பு தளரும். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் ஓரத்தில் பெயின்ட் தெறித்திருக்கிறதா, பானெட் கீல் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தழும்பு உண்டா என்பதையும் பாருங்கள், இருந்தால் அங்கே வேலை நடந்திருக்கிறது.

பழைய மாருதி 800, அம்பாசடர் போன்றவற்றில், அதுவும் சிவப்பு, வெள்ளை மாதிரி சாதாக் கலர்களில், கிளியரே இல்லாத ஒற்றை அடுக்குப் பெயின்ட் இருக்கலாம். டிக்கி ஓரத்தில் மறைவான இடத்தில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணியில் வண்டியின் கலர் ஏறினால் ஒற்றை அடுக்கு. வெள்ளை வண்டிக்குக் கறுப்புத் துணி. சாக்பீஸ் பூசியது மாதிரி வெளுத்துப்போன சிவப்பு மாருதியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேலே வெளுத்த தோலை எடுத்ததும் அடியிலிருந்து சிவப்பு அப்படியே எழுந்து வரும். பார்க்க மோசமாக இருந்தாலும் மீட்க எளிது இந்த ரகம்தான்.

இதற்கு நேர்மாறு கிளியர் உரிவது. டாப்பிலும் பானெட்டிலும் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக, தீவு தீவாக, ஓரம் விரலில் தட்டுப்படும்படி இருந்தால் அதற்கு எந்தப் பாலிஷும் உதவாது. தேய்க்கத் தேய்க்கத் தீவு பெரிதாகும். அந்தப் பேனலை அடித்தே ஆக வேண்டும்.

கழுவுவது என்றால் முழுசாகக் கழுவுவது

வாட்டர் சர்வீஸில் பனியன் வேஸ்டால் துடைத்துக் கொடுப்பதை இதில் சேர்க்க வேண்டாம். நம் பக்கத்து செம்மண் தூசியில் குவார்ட்ஸ் மணல் இருக்கிறது. டிப்பர் போகும் ரோட்டில் அதோடு கிரஷர் பொடியும் சேரும். காய்ந்த நிலையில் துணி வைத்தால் வட்டவட்டக் கீறல் நிச்சயம். முதலில் அழுத்தத் தண்ணீரால் மண்ணை இறக்குங்கள். பிறகு இரண்டு பக்கெட்: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் கையுறையை அலச நல்ல தண்ணீர். டாப்பில் தொடங்கிக் கீழே வாருங்கள், கதவின் அடிப்பகுதிக்கு வேறு கையுறை. பழைய மெழுகும் சிலிகானும் போக, இந்த முதல் கழுவலுக்கு மட்டும் பாத்திரம் கழுவும் திரவம் சேர்க்கலாம்.

பீடிங் இடுக்கில் பச்சைப் பாசி, வைப்பருக்குக் கீழே மக்கிய ரப்பர் இலை. இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவை வளர்ப்பவை. பாசிக்கு சோப்புத் தண்ணீரும் பழைய டூத்பிரஷும் போதும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கின்றன. கண்ணாடியை இறக்கி, ஓரமாக ஒரு கப் தண்ணீர் ஊற்றுங்கள். உடனே கீழே ஒழுகாவிட்டால் துளை அடைத்திருக்கிறது. கம்பி விட வேண்டாம், பிளாஸ்டிக் கேபிள் டையால் குத்துங்கள்.

கறைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வௌவால், பறவை எச்சத்தைச் சுரண்டாமல் ஈரத்துணி போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு எடுங்கள். தாருக்குத் துணியில் தொட்ட மண்ணெண்ணெய் ஒரு நிமிடம், உடனே ஷாம்பு. மரப்பிசினுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். போர்வெல் தண்ணீர் காய்ந்து விட்ட வெள்ளைப் புள்ளிக்கு, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து ஒன்றிரண்டு நிமிடம் வைத்துக் கழுவுங்கள், நிழலில் மட்டும். புள்ளி போயும் குழி தெரிந்தால் அது பாலிஷின் வேலை.

வெள்ளை வண்டியில் ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி தெரிந்தால் பாடி துருப்பிடித்துவிட்டது என்று பதறுவார்கள். அநேகமாக அது பிரேக் தேய்ந்து பறந்து ஒட்டிய இரும்புப் பொடிதான். அயர்ன் ரிமூவரை ஆறிய பேனலில் அடித்தால் மூன்று, நான்கு நிமிடத்தில் ஊதாவாக வழியும். காயவிடாமல் கழுவிவிடுங்கள்.

ரப்பர் தோட்டத்துக்கு ஓடிய வண்டியென்றால் டிக்கி ஓரத்தையும் பின் பம்பரையும் தனியாகப் பாருங்கள். காய்ந்த ரப்பர் பால் விரலால் உருட்டினால் பெரும்பாலும் வந்துவிடும். பால் உறைய ஊற்றும் பார்மிக் ஆசிட் சிந்தியிருந்தால்தான் சிக்கல். அது பெயின்டையும் இளக்கும், தகட்டையும் அரிக்கும். டிக்கி மேட்டைத் தூக்கி அடித்தகட்டைப் பார்க்காமல் விடாதீர்கள்.

அடுத்தது கிளே பார், பெயின்டில் ஒட்டிய அழுக்கைப் பிடுங்கும் களிமண் கட்டி. மெல்லிய பாலிதீன் கவருக்குள் கையை விட்டு பெயின்டைத் தடவுங்கள். மணல் போல நறநறத்தால் கிளே தேவை. ஷாம்புத் தண்ணீர் தாராளமாக அடித்து, அழுத்தாமல் நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். அழுக்கானால் மடித்துப் புதுப்பக்கம். தரையில் விழுந்தால் அதோடு தூக்கி எறியுங்கள்.

பாலிஷ்

நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் மாட்டினால் அது பாலிஷில் முழுதாகப் போகாது, டச்சப் (அதே கலர் பெயின்டைத் தொட்டு நிரப்புவது) தான். மாட்டாதவை எல்லாம் பாலிஷின் கணக்கு.

முதன்முறை செய்பவருக்கு டூயல் ஆக்‌ஷன் மிஷின் (சுற்றிக்கொண்டே அதிரும் ரகம்) தான் சரி. ரோட்டரி ஒரே இடத்தில் சுற்றிச் சூடேற்றும், ஒரு விநாடி அசந்தால் ஓரத்தில் பெயின்ட் கருகி ப்ரைமர் தெரியும். பட்டறைகளில் கிரைண்டர் மாதிரியே பிடித்து ஓட்டி, வெயிலில் பார்த்தால் வானவில் மாதிரி வளையம் தெரியும்படி விட்டுவிடுவது இதனால்தான். ஒரு காருக்கு 5 அல்லது 6 ஃபோம் பேட், 250 மில்லி காம்பவுண்ட், 250 மில்லி ஃபினிஷிங் பாலிஷ், பத்து மைக்ரோஃபைபர் துணி இருந்தால் போதும்.

பீடிங், கறுப்பு பிளாஸ்டிக், எழுத்துச் சின்னம், பேனல் ஓரம், பாடி லைன் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மடிப்பிலும் ஓரத்திலும் பெயின்ட் மெலிசு.

பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி இடத்தை மட்டும் முதலில் சோதியுங்கள். ஃபினிஷிங் பாலிஷும் மென்மையான பேடும்தான் தொடக்கம். அதில் தீராவிட்டால் மட்டும் காம்பவுண்ட். பேடில் பட்டாணி அளவில் நாலைந்து சொட்டு வைத்து, மிஷினை ஆன் செய்யுமுன் பேனலில் தொட்டுப் பரப்புங்கள். மிஷின் டயலில் வேகம் 4 அல்லது 5. விநாடிக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் நகர வேண்டாம். குறுக்கே, பிறகு நெடுக்கே என்று மொத்தம் நான்கு முதல் ஆறு ஓட்டம். பேடின் பின்பக்கத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டத்தில் கோடு சுற்றுவது தெரிய வேண்டும், நின்றுவிட்டால் அழுத்தம் அதிகம்.

பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து துடைத்து, டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்திருந்தால் இப்போது வெளியே வந்துவிடும். இந்தத் துடைப்பை விட்டுவிட்டுத்தான் பலரும் ஒரு மாதம் கழித்து ‘கீறல் திரும்ப வந்துவிட்டது’ என்கிறார்கள். அது போகவே இல்லை.

பேனல் கையில் சுடக்கூடாது. சுட்டால் காம்பவுண்ட் காய்ந்து பொடியாகி அதுவே கீறும். பம்பர் பிளாஸ்டிக்குக்கு வேகத்தைக் குறையுங்கள், அது சூட்டைக் கடத்தாது. பேடில் அடை தட்டினால் வெட்டுவதற்குப் பதில் வெறுமனே வழுக்கும், பேனலுக்குப் பேனல் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். எல்லாக் கீறலும் போக வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். 80 சதவீதம் போனதும் நிறுத்துவதே பழைய பெயின்டுக்கு நல்லது. 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (மிக நைசான உப்புத்தாள்) கையில் எடுப்பது மீட்டர் வைத்துப் பார்த்தவருக்கு மட்டும்.

கல் தெறிப்பு, துரு, பெயின்ட் அடிப்பது

டிப்பருக்குப் பின்னால் ஓடிய வண்டியின் பானெட் முனையில் கல் தெறித்த குழி இருக்கும். கலர் குறியீட்டு எண் பானெட்டுக்குள் உள்ள தகட்டிலோ டிரைவர் கதவுத் தூணிலோ இருக்கும், அதைச் சொல்லிக் கலக்கி வாங்குங்கள். குழியை ஆல்கஹாலால் துடைத்து, பல்குச்சி முனையால் மெல்லிய இரண்டு மூன்று தடவை வையுங்கள். ஒரே சொட்டில் நிரப்பினால் நடுவில் சுருங்கும்.

கதவின் அடியிலும் சக்கர வளைவின் உதட்டிலும் பெயின்ட் குமிழ் விட்டிருந்தால் துரு உள்ளிருந்து வருகிறது. மேலே டச்சப் அடித்தால் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. 80 நம்பர் உப்புத்தாளால் பளிச்சென்ற தகடு தெரியும்வரை தேய்த்து, குழியில் மிஞ்சியதற்கு ரஸ்ட் கன்வெர்ட்டர், பிறகு எபாக்சி ப்ரைமர், அதன்பின் கலர், கிளியர். தகட்டில் ஓட்டையே விழுந்திருந்தால் டிங்கரிடம் போங்கள். பட்டியால் அடைப்பது துருவுக்குக் கூரை போட்டுக் கொடுப்பதுதான்.

‘அண்ணே, எதுக்கு இந்தப் பாடு, முழுசா ஒரு கோட் அடிச்சு விட்டுருவோம்’ என்பார்கள். உரிந்த பேனலை மட்டும் அடியுங்கள். கம்பெனியில் அதிகச் சூட்டில் பதப்படுத்திய பெயின்டைச் சாதாரணப் பட்டறையால் திருப்பித் தர முடியாது. அடிக்கும்போது 2கே பியூ கிளியர் (ஹார்டனர் கலந்து அடிப்பது) கேளுங்கள். மழை மாதங்களில் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் அடித்தால் காற்றின் ஈரம் படிந்து வெள்ளை பூக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். 2கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி மாஸ்க் காக்காது, வீட்டு முற்றத்தில் முயல வேண்டாம். கலரை மாற்றினால் ஆர்சியிலும் மாற்றியாக வேண்டும். என்ஓசி வாங்கி டிஎன் 75-க்கு (மார்த்தாண்டம் பதிவு) மாற்றப் போகும் வண்டியென்றால், ஆர்டிஓ பார்வை முடியும்வரை பழைய கலரிலேயே இருக்கட்டும்.

மெழுகு

கார்னோபா மெழுகு நம் மழையில் ஒன்றிரண்டு மாதம். சின்தெடிக் சீலன்ட் நான்கைந்து மாதம் தாங்கும், செலவுக்கு அதுதான் நியாயம். மெலிந்த பெயின்டுக்கு மேல் ஆயிரக்கணக்கில் கொட்டி செராமிக் கோட்டிங் போடுவதில் அர்த்தமில்லை. புதிதாக அடித்த பேனலுக்கு ஒரு மாதமாவது எதுவும் பூச வேண்டாம், அது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

கறுப்பு பிளாஸ்டிக்கில் தேங்காய் எண்ணெய் தடவுவது இரண்டு நாள் அழகு, பிறகு செம்மண்ணை இழுத்து ஒட்டவைக்கும். ட்ரிம் டிரெஸ்ஸிங் வாங்குங்கள். ரெக்சின் மாதிரி காற்றுப் போகாத கவரை ஈரமான வண்டிமேல் போட்டால் அடியில் பாசி பிடிக்கும், தூசியோடு போட்டால் காற்றில் ஆடி ஆடிக் கீறும். கார் போர்ச் இல்லாவிட்டால் பலாமரத்தடியைவிட வெறும் வெயிலே மேல்.