படித்ததெல்லாம் தேர்வு ஹாலில் எங்கே போகிறது? உயிரியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“மியோசிஸை மூணு தடவை படிச்சேன், பேப்பர்ல ஒரு வரி வரலை.” செமஸ்டர் தேர்வு முடிந்து வரும் பி.எஸ்சி. தாவரவியல், விலங்கியல், உயிர்வேதியியல் மாணவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. இவர்களில் சோம்பேறிகள் குறைவு. ராத்திரி கண் விழித்துப் படித்தவர்கள்தான் அதிகம். படித்த விதம்தான் காலை வாருகிறது.

முதல் தவறு, நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. இரண்டாம் முறை வாசிக்கும்போது வரிகள் பழகியவையாகத் தெரியும். “இது தெரியுமே” என்று தோன்றும். பார்த்தால் அடையாளம் தெரிவதும் பார்க்காமல் எழுத வருவதும் வேறு வேறு. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஒரு சோதனையில் இது நன்றாகவே வெளிப்பட்டது. மாணவர்கள் ஒரு சிறு பாடத்தை ஒருமுறை படித்தார்கள். பிறகு ஒரு பகுதியினர் அதையே மறுபடி படித்தார்கள்; மற்றவர்கள் பாடத்தைப் பார்க்காமல், நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னிலை. ஒரு வாரம் கழித்துச் சோதித்த குழுக்களில் நிலைமை தலைகீழ்: மறுபடி படித்தவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். வாசிப்பு தரும் நம்பிக்கை அன்றைக்கு உண்மையாகவே இருக்கிறது, அதனால்தான் ஏமாந்துபோகிறோம். பக்கம் முழுவதும் மஞ்சள் ஹைலைட்டர் பூசுவதும் இதே கதைதான்.

அதனால் ஒரு தலைப்பைப் படித்ததும் நோட்டை மூடிவிடுங்கள். வெள்ளைத்தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள். க்ரெப்ஸ் சுழற்சி (செல் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் வேதிவினைத் தொடர்) என்றால் பெயர்களை வரிசையாக ஒப்பிக்க வேண்டாம், கார்பனை எண்ணுங்கள். இரண்டு கார்பன் கொண்ட அசிட்டைல் தொகுதி, நான்கு கார்பன் ஆக்ஸலோ அசிட்டேட்டோடு சேர்ந்து ஆறு கார்பன் சிட்ரேட் ஆகிறது. இரண்டு கார்பன் டை ஆக்ஸைடு வெளியேற, மறுபடியும் நான்கு. எந்தப் படியில் பேனா நிற்கிறதோ அதை மட்டும் நோட்டைத் திறந்து பாருங்கள். முழு யூனிட்டையும் முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை.

அடுத்தது, ஒன்றுபோல் இருப்பவற்றைத் தனித்தனியாகப் படிப்பது. மைட்டாசிஸ் (சாதாரண செல் பகுப்பு) திங்கட்கிழமை, மியோசிஸ் (பாலணுக்களை உருவாக்கும் செல் பகுப்பு) வியாழக்கிழமை என்று படித்துவிட்டுத் தேர்வில் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். மியோசிஸின் முதல் பகுப்பில் பிரிபவை ஒத்திசைவுக் குரோமோசோம்கள், அதாவது தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என வரும் ஜோடிகள்; சகோதரக் குரோமாட்டிடுகள், அதாவது ஒரே குரோமோசோமின் இரு நகல்கள், இரண்டாம் பகுப்பில்தான் பிரியும். இரண்டு பகுப்புகளின் அனாஃபேஸ் (அவை இரு முனைகளுக்கும் விலகும் கட்டம்) படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்த்தவருக்கு இது குழம்பாது. தாவர உள்ளமைப்பியலிலும் அப்படித்தான். தண்டில் புரோட்டோசைலம் (நீரைக் கடத்தும் சைலத்தில் முதலில் உருவாகும் பகுதி) மையத்தை நோக்கி இருக்கும், வேரில் வெளிப்புறம் பார்த்து இருக்கும். ஒரே தாளில் தண்டும் வேரும் வரைந்தால் போதும்.

படங்களைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். ரெக்கார்டு நோட்டில் அச்சடித்தாற்போல் வரைபவர்கள்கூடத் தேர்வில் தடுமாறுவதற்குக் காரணம், அதைப் புத்தகத்தைப் பார்த்து வரைந்ததுதான். அழகைப் பற்றிக் கவலைப்படாமல், பென்சிலால், பார்க்காமல், பாகங்களின் பெயர்களோடு ஐந்து நிமிடத்தில் கிறுக்கிப் பழகுங்கள்.

நான் மிகப் பெரிய இழப்பாக நினைப்பது காரணம் கேட்காமல் மனப்பாடம் செய்வதை. சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகிறது. சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி எங்கே போனது என்று கேட்டால் நெஃப்ரான் (சிறுநீரகத்தில் வடிகட்டும் நுண்குழாய்) பாடமே திறந்துகொள்ளும். நெஃப்ரானில் U வடிவில் வளையும் ஹென்லே வளைவின் இறங்கு பகுதி நீரை வெளியே விடும். ஏறு பகுதி நீரை விடாது, உப்பை மட்டும் வெளியேற்றும். அதனால் மெடுல்லாவில் (சிறுநீரகத்தின் உட்பகுதியில்) உப்புச்செறிவு கூடுகிறது. உடலில் நீரைத் தக்கவைக்கும் ஏ.டி.எச். ஹார்மோன் இருந்தால் சேகரிப்பு நாளத்திலிருந்து நீர் அந்தப் பக்கம் இழுக்கப்படுகிறது. ஹார்மோன் இல்லாவிட்டால்? சிறுநீர் ஏராளமாக, நீர்த்துப் போகும். இந்தச் சங்கிலி கைவசம் இருந்தால் கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதலாம்.

தமிழ்வழியில் பள்ளிப்படிப்பு முடித்து வந்தவர்கள் ஆங்கில வாக்கியங்களை அப்படியே நெட்டுருப் போடுவதையும் பார்க்கிறோம். ஒரு சொல் நழுவினால் முழுப் பத்தியும் போய்விடும். முதலில் நண்பரிடம் தமிழில் விளக்கிச் சொல்லிப் பாருங்கள், பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக நீங்களே எழுதுங்கள். கலைச்சொற்களின் எழுத்துக்கூட்டலை மட்டும் கையால் எழுதிப் பழக வேண்டும், அதற்குக் குறுக்குவழி கிடையாது.

பழைய வினாத்தாள்கள் நல்லவை, ஆனால் அவற்றைப் பார்த்துப் பாதி யூனிட்டை ஒதுக்கிவிடுவது சூதாட்டம். கடைசி இரவில் ஆறு மணி நேரம் உட்காருவதைவிட அதே ஆறு மணியை ஒரு வாரத்தில் பிரித்துப் படித்தால் கூடுதலாக நிற்கும். தூக்கத்தையும் விட வேண்டியிராது.

செய்முறைத் தேர்வைக் கடைசி நேரத்துக்குத் தள்ளுவது இன்னொரு தவறு. மால்வேசி குடும்பத்தின் மலர்ச் சூத்திரத்தை (பூவின் பாகங்களைக் குறியீடுகளால் எழுதும் முறை) உருப்போடுவதற்கு முன் வீட்டுச் செம்பருத்தியைப் பறித்துப் பிரித்துப் பாருங்கள். மகரந்தத்தாள்கள் எல்லாம் ஒரே குழாயாகச் சூல்தண்டைச் சுற்றி நிற்கும். அதே குழாய் வெண்டைப் பூவிலும் பூவரசம் பூவிலும் இருக்கும். ஸ்பாட்டரில் (அடையாளம் காண மேசையில் வைக்கும் மாதிரியில்) பெயரை மட்டும் எழுதிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்பவர்கள் நிறைய. பல கல்லூரிகளில் அடையாளம் காண்பதற்கு ஒரு மதிப்பெண் என்றால், எதை வைத்து அடையாளம் கண்டோம் என்பதற்குத் தனி மதிப்பெண் உண்டு. அந்தக் காரணங்களை இரண்டு வரியிலாவது எழுதிவிட்டு நகருங்கள்.