பச்சை அம்புக்குறியும் தரையில் நின்ற 9 பெட்டிகளும்

சிங்கப்பூர் ஜூரோங்கில் எங்கள் கிடங்கு அலுவலகத்தில் ஒரு தம்பி புதிதாகச் சேர்ந்திருக்கிறார். கண்டெய்னருக்குள் சரக்கை எப்படி அடுக்குவது என்று படம் போட்டுக் காட்டும் லோடிங் மென்பொருளில் கை வேகமாக ஓடுகிறது. போன வாரம் கோப்பி வாங்கிவரும் வழியில் அவர் திரையை எட்டிப் பார்த்தேன். வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆள் உயர மின்பலகை ஒன்றுக்கு உயரம் 60 சென்டிமீட்டர் என்று போட்டு, பக்கத்திலேயே ‘நிமிர்ந்தே இருக்க வேண்டும்’ என்று டிக்கும் அடித்திருந்தார். பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தப்பு, அதே கட்டத்தில். “என்னண்ணே, சரியாத்தானே போட்டிருக்கேன்?” என்றார். உட்கார்ந்து விளக்கி முடிப்பதற்குள் கோப்பி ஆறிவிட்டது.

சென்டிமீட்டருக்குப் பதில் மில்லிமீட்டர் தட்டுவது, எண்ணிக்கையில் ஒரு சைபர் விடுவது மாதிரியான தப்புகளை இங்கே எடுக்கவில்லை. அவை அன்றைக்கே பல்லிளித்துவிடும். பெட்டியை எந்த வாக்கில் வைப்பது என்று சொல்கிற ஓரியன்டேஷன் பக்கம் அப்படியில்லை. அங்கே விட்ட தப்பு, சரக்கு ஏற்றுகிற நாள்வரை வாயே திறக்காது.

எது உயரம் என்று கேட்காமல் பூட்டுவது

துவாஸ் துறைமுகம் 2022-இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்படுவதற்கு முந்தைய கதை. கொழும்புக்கு 54 குளிர்பெட்டிகள் போக வேண்டும். கடைகளில் பானங்களை அடுக்கி வைத்திருப்பார்களே, கண்ணாடிக் கதவு போட்டது, அதுதான். சப்ளையரின் பேக்கிங் லிஸ்ட்டில் 200 × 75 × 80 என்று இருந்தது. எது நீளம், எது உயரம் என்று தலைப்பு கிடையாது. மென்பொருளில் நீளம், அகலம், உயரம் என்று மூன்று கட்டங்கள். வந்த வரிசையிலேயே தட்டினேன். குளிர்பெட்டியைப் படுக்கப் போட்டால் கம்ப்ரசரில் இருக்கிற எண்ணெய் குழாய்களுக்குள் இறங்கிவிடும் என்பது எனக்குத் தெரியும். அதனால் ரொம்பப் பொறுப்பாக ‘நிமிர்ந்தே இருக்க வேண்டும்’ என்று பூட்டினேன்.

மென்பொருளும் சொன்ன பேச்சைக் கேட்டது. அதற்குத் தெரிந்த உயரம் 80. அந்த 80-ஐ விடாப்பிடியாக நிமிர்த்தியே வைத்தது. அதாவது, இரண்டு மீட்டர் குளிர்பெட்டி ஒவ்வொன்றையும் படுக்கப் போட்டுவிட்டு, நிமிர்ந்து நிற்பதாக எனக்குப் பச்சை அம்புக்குறி காட்டியது.

வழக்கத்தைவிட உயரம் கூடிய 40 அடி ஹைக்யூப் கண்டெய்னரின் உள்ளளவு ஏறத்தாழ 12.03 மீட்டர் நீளம், 2.35 அகலம், 2.69 உயரம். நீளவாட்டில் 6, அகலத்தில் 3, மூன்று அடுக்கு. கச்சிதமாக 54. குளிர்பெட்டியை யாராவது மூன்றடுக்கு அடுக்குவார்களா என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. ஒரே கண்டெய்னரில் அடங்கிவிட்டதே என்ற சந்தோஷம்தான்.

ஏற்றுகிற அன்று காலை கிடங்கிலிருந்து ஃபோர்மன் கூப்பிட்டார். “அண்ணே, நீங்க குடுத்த படத்துல படுத்திருக்கு. அட்டையில அம்பு நிக்குதே. நான் யார் பேச்சைக் கேக்குறது?”

அட்டையின் பேச்சைத்தான் கேட்டார், நல்லவேளை. நிமிர்த்தி வைத்தால் 2 மீட்டர் போய் மேலே 69 சென்டிமீட்டர்தான் மிச்சம், அதில் ஒன்றும் ஏறாது. தரையில் அகலத்துக்கு 3, நீளத்துக்கு 15. மொத்தம் 45. மீதி 9 குளிர்பெட்டிகள் கிடங்கு வாசலில் வரிசையாக நின்று என்னைப் பார்த்தன.

அப்புறம் நடந்ததுதான் செலவு. பாசிர் பாஞ்சாங் துறைமுக முனையத்தில் கண்டெய்னரை ஒப்படைக்க வேண்டிய நேரம் மாலைக்குள். எடை மாறிவிட்டது. 2016 ஜூலை முதல், சரிபார்த்த மொத்த எடையைச் சொல்லாமல் எந்தக் கண்டெய்னரையும் கப்பலில் ஏற்ற முடியாது. ஆகவே அந்தத் தாளை மறுபடி தயாரிக்க வேண்டும். பேக்கிங் லிஸ்ட் மாறியது, ஏற்றுமதி அனுமதியில் எண்ணிக்கையைத் திருத்த வேண்டியிருந்தது. இழுவை லாரிக்குக் காத்திருப்புக் கட்டணம். மீதி 9, பத்தே முக்கால் கன மீட்டர் சொச்சம், அடுத்த கப்பலில் பலர் சரக்கோடு பங்கு போட்டுப் போனது. கொழும்பு வாடிக்கையாளர் இரண்டு முறை சுங்கத்துக்கு அலைந்தார். அவர் என்னைத் திட்டியது நியாயம்.

இன்றைக்கும் எரிச்சல் வருவது பணத்தால் அல்ல. நான் கவனமாக இருந்ததால்தான் மாட்டினேன் என்பதால். அந்த டிக்கைப் போடாமல் விட்டிருந்தால், மேலதிகாரியாவது ‘இது சாயக் கூடாத சரக்காச்சே’ என்று கேட்டிருப்பார். பூட்டு தொங்குவதைப் பார்த்ததும் அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இந்தத் தப்பை எந்தக் கூட்டல் கணக்கும் பிடிக்காது. மூன்று எண்களை எந்த வரிசையில் பெருக்கினாலும் கன அளவு ஒன்றுதான். ஒன்று 1.2 கன மீட்டர் என்றால் 54-க்கு 64.8. ஹைக்யூபின் கொள்ளளவு 76 பக்கம். தாராளமாக இடம் இருக்கிற மாதிரிதான் தெரியும். எடையும் அப்படியே. அடுக்கு எண்ணிக்கையையும் தரைக்கணக்கையும் பார்த்தால் மட்டுமே பிடிபடும்.

ஆளுக்கொரு வழக்கம் வேறு. அட்டைப்பெட்டிக்காரர்கள் பெரும்பாலும் நீளம், அகலம், உயரம் என்று எழுதுவார்கள். மேசை நாற்காலி விற்பவர்கள் அகலத்தில் ஆரம்பித்து உயரத்தில் முடிப்பார்கள். வீட்டுச் சாதனத்துக்காரர்கள் பலர் உயரத்தை முதலில் போடுவார்கள். யாரும் தப்பில்லை. கேட்காதவர்தான் தப்பு. இப்போது நாங்கள் அனுப்பும் படிவத்தில் அம்புக்குறி போட்ட பெட்டிப் படம் ஒன்று இருக்கிறது, அம்புக்குறி ஓடும் பக்கத்தின் அளவைத்தான் உயரம் என்ற கட்டத்தில் நிரப்ப வேண்டும். அப்படியும் சந்தேகம் வந்தால், பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆளை நிற்க வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். சில சப்ளையர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பேலட்டைத் திருப்ப விடுவது

சாய்ப்பதுதான் ஆபத்து, நின்ற இடத்தில் திருப்பினால் என்ன என்று தோன்றும். பேலட் என்பது சரக்கை அடுக்கித் தூக்குகிற தட்டு. 20 அடி கண்டெய்னரில் 1.2 × 1.0 மீட்டர் பேலட்டை ஒரே வாக்கில் வைத்தால் 8. ஒரு வரிசையை மட்டும் 90 பாகை திருப்பினால் 9. மென்பொருள் கண்டிப்பாகத் திருப்பும், அதன் வேலையே அதுதான். ஆனால் இரண்டு பக்கம் மட்டுமே ஃபோர்க்லிஃப்ட்டின் முள் (ஃபோர்க்) நுழையும் பேலட்டாக இருந்தால், திருப்பிய வரிசையில் கதவை நோக்கி இருப்பது கட்டைச் சட்டம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் அதை உள்ளே எப்படிக் கொண்டுபோவார்? ஏற்றுகிறவர் எப்படியோ தள்ளிவிட்டாலும், எதிர்முனையில் இறக்குகிறவர் நம்மைச் சபிப்பார். நான்கு பக்கமும் ஃபோர்க் போகும் பேலட்டா என்று கிடங்கில் கேட்டுவிட்டுத் திருப்ப அனுமதி கொடுங்கள்.

கதவு

20 அடியில் உள்ளுயரம் 2.39 மீட்டர், கதவு 2.28. இரண்டுக்கும் இடைப்பட்ட உயரமுள்ள சரக்கு உள்ளே நிற்கும், வாசலில் நுழையாது.

அட்டைப்பெட்டியைப் படுக்கப் போடுவது

உள்ளே துணிதானே, சாய்த்தால் என்ன ஆகும் என்று ஒரு வாடிக்கையாளரே என்னிடம் கேட்டார். துணிக்கு ஒன்றும் ஆகாது. அட்டைக்கு ஆகும். சாதாரண அட்டைப்பெட்டியின் சுவருக்குள் இருக்கும் நெளிவுகள் மேலும் கீழுமாக ஓடும், சின்னச் சின்னத் தூண்கள் மாதிரி. பெட்டியைச் சாய்த்தால் தூணும் படுத்துக்கொள்ளும். அப்புறம் மேலே ஆறு அடுக்கு ஏற்றி, கடல் ஈரமும் சேர்ந்தால் அடிப்பெட்டி அப்பளம். ஆனால் கடைசி அடுக்கில், மேலே எதுவும் வராத இடத்தில், சாய்ப்பதால் பெரிய கெடுதல் இல்லை. சில மென்பொருள்களில் ஒவ்வொரு வாக்குக்கும் தனியாக அடுக்கு வரம்பு வைக்கலாம். இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

டிரம்

நிற்கும். கேள்வியே இல்லை.

பயத்தில் எல்லாவற்றையும் பூட்டுவது

ஒருமுறை சூடுபட்ட பிறகு நான் இதைத்தான் செய்தேன். மெத்தை உறை, பிளாஸ்டிக் வாளி, எல்லாவற்றுக்கும் பூட்டு. விளைவு, கூரைக்குக் கீழே ஒரு முழம் காற்றை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். காற்றுக்கும் கப்பல் கட்டணம் உண்டு. தயங்காமல் வாடிக்கையாளரைக் கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். “சாய்க்கலாம் பிரதர்” என்று போனில் சொல்கிறவர், சரக்கு நசுங்கினால் அந்த போனை எடுக்க மாட்டார்.

போன மாதச் சரக்குப் பதிவை நகலெடுப்பது

அதில் போட்ட டிக்கும் சேர்ந்து வரும்.